லிங்க்ஸ் மைதானம் என்றால் என்ன? செயின்ட் ஆண்ட்ரூஸ் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

லிங்க்ஸ் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் அமைந்த கோல்ஃப் மைதானம். மணல் மழைநீரை உடனே உறிஞ்சிவிடுவதால் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். பவுடர் தூவிய கேரம் பலகையில் காய் ஓடுவதுபோல, பந்து விழுந்த பிறகும் உருண்டோடும். உயர அடித்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், தாழ்வாக அடியுங்கள்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் என்ற லிங்க்ஸ் மைதானத்தில் முன்பதிவு கிடைக்காதவர்கள், இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். குறைந்தது இருவர் வேண்டும், ஆட்டத்திறன் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றும் கேட்பார்கள். முதல் நாளே பெயர் விழும் என்று நம்ப முடியாது. நான்கைந்து நாள் தங்குங்கள். ஞாயிறு வழக்கமாக ஆட்டமில்லை. அன்று ஊர்மக்கள் நாயோடு புல்வெளியில் உலாவுவார்கள். நீங்களும் நடந்துபோய் மைதானத்துக்குள் இருக்கும் ஸ்வில்கன் கற்பாலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடிந்த பேராலயத்துக்கும் 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் போய்வரலாம்.

ஓல்டு கோர்ஸில் கிளப் உறுப்பினர்கள் மட்டும்தான் ஆட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இது பொது மைதானம்.