பூனை குறட்டை விடுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டாக்டர், பூனை குறட்டை விடுமா? எங்கள் பூனை மல்லாந்து படுத்தால் மனுஷங்க மாதிரியே சத்தம் வருகிறது.

விடும், நன்றாகவே விடும். தூக்கம் ஆழமானதும் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். வாயின் மேல்கூரைக்குப் பின்னால் மெத்தென்று ஒரு சதை மடிப்பு இருக்கிறது, மென் அண்ணம் என்போம். காற்று போகிற வழி குறுகி இந்தச் சதை அதிர்ந்தால் குறட்டை. மல்லாந்தோ கழுத்தை மடக்கியோ படுத்தால் வழி இன்னும் குறுகும், அதனால் புரண்டு படுத்ததும் சத்தம் நின்றுபோனால் கவலைப்பட ஒன்றுமில்லை. யார் இந்தக் கேள்வியோடு வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எப்போதிலிருந்து விடுகிறது? விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் வருகிறதா? சின்ன வயதிலிருந்தே, தூங்கும்போது மட்டும் என்றால் அது அதன் சுபாவம். புதிதாக ஆரம்பித்திருந்தாலோ, நடமாடும்போதும் கேட்டாலோ காரணத்தைத் தேட வேண்டும்.

தடவிக் கொடுக்கும்போது கர்ர்ர் என்று போடுகிறதே, அதுவும் குறட்டையும் ஒன்றா?

இல்லை. அது குரல்வளைத் தசைகளால் பூனையே எழுப்பும் சத்தம். நொடிக்கு 25, 30 அதிர்வு என்று சீராக, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடர்ந்து ஓடும். குறட்டை பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது வரும், விட்டுவிட்டுக் கேட்கும்.

எங்களுடையது பெர்சியன். வீடு அதிரக் குறட்டை. பெர்சியன் என்றால் அப்படித்தான் என்கிறார்கள், விட்டுவிடலாமா?

'அப்படித்தான்' என்ற வார்த்தையில் பாதிதான் உண்மை. பெர்சியன், ஹிமாலயன், எக்ஸாடிக் ஷார்ட்ஹேர் போன்ற சப்பை முகப் பூனைகளுக்கு மண்டை ஓட்டின் முன்பகுதி குட்டையாகிவிட்டதே தவிர, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. அத்தனையும் சின்ன இடத்தில் அடைந்து கிடக்கிறது. முகம் சப்பையாக இருந்தால்தான் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பலனை இந்தப் பூனைகள் அனுபவிக்கின்றன, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

நல்ல வெளிச்சத்தில் அதன் மூக்கை நேராகப் பாருங்கள். துவாரங்கள் கமா வடிவத்தில் திறந்து தெரிய வேண்டும். வெறும் கீறல் போலத் தெரிந்தால், அல்லது மூச்சை இழுக்கும்போது ஓரங்கள் உள்வாங்கினால், அது சிரமப்பட்டுத்தான் மூச்சு விடுகிறது. கொஞ்ச நேரம் விளையாடியதும் களைத்துப் படுக்கிறதா, சாப்பிடும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ரொம்பக் குறுகிய துவாரத்தை அறுவை சிகிச்சையில் அகலப்படுத்த முடியும், பல பூனைகளுக்கு அதிலேயே நல்ல நிம்மதி கிடைக்கிறது. வெயில் நேரத்தில் இவற்றைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். எந்த அறுவைக்காக மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் குறட்டை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண் பூனை, 7 கிலோ. கருத்தடை செய்த பிறகு குண்டாகிவிட்டது, குறட்டையும் வந்துவிட்டது. சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்ததால் வந்த குறட்டையாக இருக்கலாம், எடை குறைந்தால் அதுவும் குறையலாம். ஆனால் குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வாரத்துக்கு எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும், உங்கள் பூனைக்கு அது சுமார் 70 கிராம். எவ்வளவு உணவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, அளந்து வையுங்கள்.

ஒரு வயதுகூட ஆகவில்லை. விழித்திருக்கும்போதும் கொர்கொர் என்கிறது, அடிக்கடி தலையை உதறுகிறது. சளி மருந்து கொடுத்தும் போகவில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இளம் பூனைகளில் நடுக்காதிலோ, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயிலோ ஒரு சதை வளர்ச்சி தோன்றி மூக்கின் பின்பக்கத்தை அடைப்பதுண்டு. பாலிப் என்போம். புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள். காதுப் பக்கமும் வளர்வதால்தான் தலையை உதறுவதும் சாய்ப்பதும். மயக்க மருந்து கொடுத்து மென் அண்ணத்தை முன்னால் இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும், பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். சிலவற்றுக்குத் திரும்ப வளரும் என்பதால் பிறகும் காட்ட வேண்டியிருக்கும்.

மூக்கடைப்பு, தும்மல், கண்ணில் நீர், தூங்கினால் குறட்டை. நாம் போடுகிற மூக்குச் சொட்டு மருந்தோ தைலமோ கொஞ்சம் போடலாமா?

கூடாது. நமக்கான அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து, கற்பூரம் அல்லது யூகலிப்டஸ் கலந்த தைலம் இரண்டுமே பூனைக்கு விஷம். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ் வேலை. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே ஒளிந்திருந்து, பூனைக்கு மன அழுத்தம் வரும்போது தலைகாட்டும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பத்து நிமிஷம் பூனையோடு உள்ளே உட்காருங்கள், மூக்கை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது, அதனால் உணவை லேசாகச் சூடாக்கி வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

புல் மேய்ந்த பிறகு திடீரென்று குறட்டை மாதிரி சத்தம், குமட்டல், விழுங்கி விழுங்கிப் பார்க்கிறது.

புல் இதழ் மென் அண்ணத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கலாம். நீங்களே விரலை விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கே கொண்டுபோங்கள்.

12 வயதுப் பூனை. இதுவரை குறட்டையே கிடையாது, இரண்டு மாதமாக விடுகிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் சில சமயம் ரத்தம். வயசானதால்தானே?

வயதை மட்டும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வயதில் ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ சளியோ வந்தால் மூக்கில் கட்டி, மேல் பல்லின் வேரில் சீழ், பூஞ்சைத் தொற்று என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம்: சின்னக் கண்ணாடி ஒன்றைக் குளிர வைத்து அதன் மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு பனித்திட்டு படிய வேண்டும். ஒன்றுதான் படிகிறது என்றால் மறுபக்கம் அடைத்திருக்கிறது, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டி என்றாலும் மனம் தளராதீர்கள், பூனை மூக்கில் அதிகம் வரும் லிம்போமா கதிர்வீச்சு சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

குறட்டை விடும்போது எழுப்பிவிடலாமா? கை கால் எல்லாம் துடிக்கிறது.

தூங்கட்டும், அது கனவுத் தூக்கம்.

எப்போது ஓட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நன்றாகத் தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், நிமிஷத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி எண்ணியும் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்திருந்தாலோ எண்ணிக்கொண்டு நிற்காமல் அந்த நிமிஷமே கிளம்புங்கள். மற்றபடி குறட்டையை போனில் வீடியோ எடுத்து வையுங்கள், கிளினிக் மேசையில் எந்தப் பூனையும் தூங்கிக் காட்டாது.