முன்னாள் தலைவர்களிடம் எதைக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு ஏழைகளுக்கு வீடு கட்டியதையும் நோய் ஒழிப்பில் இறங்கியதையும் உயர்தர வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்ம நாட்டுல ஜனாதிபதியா இருந்தவங்க ஏன் சேர் அப்படிச் செய்றதில்ல?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவர்களுக்கு வசதி போதவில்லையா, மனம் இல்லையா? எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து, முன்னாள் தலைவர் ஒருவருக்கு உதவி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறோம். யாராவது பெரிய மனிதர் மனம் இரங்கினால்தான் நம் சனத்துக்கு விடிவு. உங்கள் கருத்து என்ன?

ஓர் ஆசிரியர், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக நானும் கார்ட்டரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியவில்லை. வசதி பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். இலங்கையின் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடும் வாகனமும் கொடுத்த 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. அதை வைத்து யாருடைய ஈகையையும் அளக்க முடியாது. மனம் உண்டா இல்லையா என்பதும் நாம் தீர்க்கக்கூடிய வழக்கு அல்ல.

கார்ட்டர் சுத்தியலோடு நிற்கும் படத்தைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். 1984 முதல் ஆண்டுதோறும் ஒரு வாரம் அவரும் மனைவி ரோசலினும் வீடு கட்டும் வேலைக்குப் போனார்கள். 2019 இல், 95 வயதில், விழுந்து நெற்றியில் 14 தையல் போட்ட பிறகும் போனார். நல்ல படம்தான். ஆனால் அவருடைய பெரிய வேலை படம் எடுக்க முடியாத இடத்தில் நடந்தது.

நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் சொன்ன கினிப் புழு நோயை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். குட்டைத் தண்ணீரோடு உள்ளே போகும் நுண்புழு, ஓர் ஆண்டு கழித்து ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு வளர்ந்து, காலிலோ கையிலோ கொப்புளத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாட்கணக்கில் சிறிது சிறிதாக இழுத்து எடுக்க வேண்டும். 1988 இல் கானாவின் ஒரு கிராமத்தில், கைக்குழந்தையை அணைத்து நிற்கிறாள் என்று எண்ணி ஓர் இளம்பெண்ணை நெருங்கிய கார்ட்டர், அவள் ஏந்தி நின்றது புழு வெளியேறிக்கொண்டிருந்த தன் வீங்கிய மார்பை என்று கண்டார். இந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். புண் உள்ளவர் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். 1986 இல் அவருடைய தொண்டு நிறுவனமான கார்ட்டர் நிலையம் இந்த வேலையை எடுத்தபோது ஏறக்குறைய 35 இலட்சம் பேருக்கு நோய் இருந்தது. அவர் காலமான 2024 இல் உலகம் முழுவதிலும் 15 பேர்.

இதற்குப் பணம் வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் 1995 இல் சூடான் உள்நாட்டுப் போரின் இரு தரப்புகளும் சண்டையை ஏறக்குறைய ஆறு மாதம் நிறுத்திவைத்து, சுகாதாரப் பணியாளர்களைக் கிராமங்களுக்குள் விட்டதே, அது பணத்தால் நடந்ததா? ஒரு முன்னாள் ஜனாதிபதி நேரில் கேட்டதால் நடந்தது. பதவி போன பிறகும் ஒரு தலைவரிடம் மிஞ்சியிருக்கும் சொத்து அதுதான்: அவர் கூப்பிட்டால் மறுமுனையில் யாரும் தொலைபேசியை வைத்துவிடமாட்டார்கள். 2005 ஜனவரியில் தென்னாபிரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி மண்டேலா தம் மகன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரறியச் சொன்னாரே, அதற்கும் ஒரு சதம் செலவில்லை. வெட்கத்தில் நோயை மறைத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில் அவர் வாய் திறந்ததே தொண்டு. ஜனாதிபதியாக இருந்தபோது அவர் எயிட்ஸைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்ற குறை உண்டு. விட்ட வேலையைப் பிறகு எடுத்துச் செய்தார் என்பதால் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது.

நம்மிடம் வருகிறவர்கள் எதைக் கொண்டு வருகிறார்கள்? ஒரு மண்சரிவுக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில், ஒரு காலத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர் உலர் உணவுப் பொதி கொடுப்பதைப் பார்த்தேன். கொழுந்துக் கறை விரல் வெடிப்புகளில் ஊறிக் கறுத்துப்போன கைகளோடு ஓர் அம்மாள் பொதியை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். படம் சரியாக விழவில்லை என்று அவரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அவர் பொதியைத் திரும்பக் கொடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் இரு கைகளையும் நீட்டினார். அந்த அரிசியும் பருப்பும் அன்றைக்குத் தேவையாக இருந்தன என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது மலை சரியாத இடத்தில் ஒரு துண்டுக் காணி.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்ணுக்குள் போன லயன்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், அபாயப் பகுதி என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடத்தில் இருந்தவை. எழும்பிப் போ என்றால் எங்கே போவது? மலையகத் தமிழரிடமிருந்து 1948 இல் பறித்த குடியுரிமையை முழுவதும் திருப்பித் தர 2003 ஆகியது. காணி அதைவிடப் பிந்துகிறது. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. கம்பனி அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும். இந்த இரண்டு கதவுகளையும் ஒரே நாளில் தட்டக்கூடியவர்கள் முன்னாள் ஜனாதிபதிகளும் பிரதமர்களும்தான். பேனா கையில் இருந்த காலத்தில் கையொப்பமிடாதவர் இன்று அரிசி கொடுத்து அதை ஈடுசெய்ய முடியாது. ஆனால் இன்று அந்த அலுவலக வாசலில் நம்மோடு வந்து நிற்க முடியும்.

இப்போது உங்கள்மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர் மனம் இரங்கினால்தான் விடிவு என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அந்த வாக்கியத்தை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். என் தகப்பனார் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்குக் கொப்பியை எழுதினார். சம்பள நாளில் லயனின் ஒவ்வொரு காம்பிராவிலிருந்தும், அதாவது ஒவ்வொரு அறை வீட்டிலிருந்தும், சந்தா வரும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டிக்கும் பந்தலுக்கும் தேயிலைக்கும் சீனிக்கும் அன்றிரவே காசு போய்விடும். வாங்கும் வீட்டார் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை, அது அவர்களுடைய காசும்தான். இரங்குவதற்காகக் காத்திருந்த சனம் அல்ல தம்பி, நாம்.

விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து பொதி, பாடசாலைப் பை, நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை லயன், எந்த லயன் சரிவுக்குக் கீழே இருக்கிறது, எத்தனை குடும்பம், கேட்கும் காணி எங்கே, பிரதேச செயலகத்துக்கும் கம்பனிக்கும் இதுவரை என்னென்ன திகதிகளில் கடிதம் போனது, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். காணி உறுதி குடும்பத்தில் கணவன் மனைவி இருவரின் பெயரிலும் வேண்டும் என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்தத் தலைவர் எந்த நாளில் உங்களோடு செயலகத்துக்கு வருவார் என்று கடைசி வரியில் கேளுங்கள். கேள்வி கேட்ட மாணவியையும் கூட்டத்துக்கு அழையுங்கள், எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.