கழிவுநீர்த் தொட்டி மரணம்: முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அண்ணன் கழிவுநீர் லாரி வைத்திருக்கும் ஓர் ஒப்பந்ததாரரிடம் கூலிக்குப் போய்வந்தார். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு தனியார் வீட்டுத் தொட்டியில் லாரியின் குழாய் உறிஞ்சாத அடிச்சேற்றை அள்ளுவதற்காக உள்ளே இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கியவர் மயங்கி விழுந்து இறந்துவிட்டார். ஒப்பந்ததாரர் அடக்கச் செலவுக்கு 50,000 ரூபாய் கொடுத்தார். முத்திரைத்தாளில் அண்ணி கையெழுத்துப் போட்டால் 4 லட்சம் தருவதாகச் சொல்கிறார். அம்மா ஏற்கெனவே ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். காவல் நிலையத்தில் '174' போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அரசு 30 லட்சம் தரும் என்றும், 100-க்கு 20 கொடுத்தால் வாங்கித் தருவதாகவும் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுகிறார். தனியார் வீட்டில் நடந்ததற்கு அரசுப் பணம் வராது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். அண்ணிக்கு இரண்டு சிறு குழந்தைகள். என்ன செய்வது?

பதில்: அண்ணி கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்ததாரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பத்திரத்தைப் படித்துக் காட்டினாலும், ஊர்ப் பெரியவர்களை அழைத்து வந்தாலும் வேண்டாம். அந்த 4 லட்சத்தை அவர் உங்கள் குடும்பத்தின் மேலுள்ள இரக்கத்தால் தருவதாக நினைத்துவிடாதீர்கள். தன் மேல் வரவிருக்கும் வழக்கைக் குறைந்த விலைக்கு முடித்துக்கொள்ள அவர் முயல்கிறார். 'இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டோம்' என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால், செல்லாத தாளே காவல் நிலையத்தில் பல மாதங்கள் செல்லுபடியாகும் என்பதுதான் நம் நாட்டு நடப்பு. அதனால்தான் அதை எழுதிக்கொடுக்கவே வேண்டாம் என்கிறேன்.

30 லட்சம் என்பது உண்மை. கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும், 1993 முதல் இறந்த அனைவரின் குடும்பங்களையும் கண்டறிய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில், பல்ராம் சிங் வழக்கில், அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தோடு நிற்காமல், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, குழந்தைகளுக்குக் கல்வி ஆகியவற்றையும் மறுவாழ்வின் பகுதியாக அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. உங்கள் அண்ணியின் குழந்தைகள் சிறியவர்கள் என்பதால் கல்வி உதவியையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காத ஒன்றை எந்த அலுவலகமும் தானாக எடுத்துத் தந்ததாக நான் பார்த்ததில்லை.

தனியார் வீடு என்பதால் அரசுப் பணம் வராது என்று சொன்னவர் எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுச் சொன்னாரோ தெரியவில்லை. மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் ஆபத்தான முறையில் இறக்கக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்பதில் வீட்டு உரிமையாளரும் அடங்குவார், லாரிக்காரரும் அடங்குவார். முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இழப்பீட்டைத் தர வேண்டியது ஒன்றிய, மாநில, யூனியன் பிரதேச அரசுகளில் பொருத்தமான அரசு என்று 2023 தீர்ப்பு சொல்கிறது. இறந்த இடம் தனியாருடையதா, மாநகராட்சியுடையதா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம், உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எல்லாம் வந்த பிறகும், கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்று எழுத்தருக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அந்த அலுவலகத்தில் வாயால் சொன்ன மறுப்பை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். மறுப்பதானால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள், ஏனென்றால் அப்படி எழுதிய கடிதம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது காவல் நிலையம். '174' என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு இருக்கிறது. வழக்கத்தில் எல்லோரும் இன்னும் பழைய எண்ணையே சொல்கிறார்கள். எந்த எண்ணாக இருந்தாலும், அது ஒருவர் எப்படி இறந்தார் என்று விசாரிப்பதற்கான பதிவு மட்டுமே. அதில் குற்றவாளி என்று யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்குத் தேவை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 106-ஆவது பிரிவும், நான் மேலே சொன்ன 2013 சட்டத்தின் பிரிவுகளும் சேர்ந்த முதல் தகவல் அறிக்கை. ஏற்கெனவே பதிந்த பதிவிலேயே பிரிவுகளை மாற்றவும் சேர்க்கவும் முடியும். அதற்கு அண்ணியின் பெயரில் எழுத்து மூலமான புகார் ஒன்று போக வேண்டும்.

அந்தப் புகாரில் அழுகையை விட விவரம் முக்கியம். அன்று யார் தொலைபேசியில் அழைத்தார், எத்தனை மணிக்கு அழைத்தார், உள்ளே இறங்கு என்று சொன்னவர் யார், முகமூடியும் கயிறும் இருந்தனவா, தொட்டியில் காற்றைச் சோதித்தார்களா, மேலே யார் நின்றார்கள், மயங்கியவரை எவ்வளவு நேரம் கழித்துத் தூக்கினார்கள் என்பதெல்லாம் தேதியோடு வர வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கி நிற்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். அழுகிய முட்டை வாடையை வைத்து ஆபத்தை அறிந்துகொள்ளலாம் என்பதும் தவறு, அளவு கூடும்போது அந்த வாயு மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். இதை நான் சொல்லக் காரணம் உண்டு. இந்த வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் கதை, 'அவர் குடித்திருந்தார், எட்டிப் பார்க்கும்போது தவறி விழுந்துவிட்டார்' என்பது. அதை உடைப்பவை பிரேதப் பரிசோதனை அறிக்கையும், உள்ளுறுப்பு ஆய்வு அறிக்கையும், அண்ணனின் செல்பேசியும்தான். செல்பேசியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். காவல் துறை கேட்டால் எழுத்து மூலமான ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள். கூலி செயலி வழியாக வந்திருந்தால் அந்தப் பதிவுகளை அச்செடுத்து வையுங்கள். உடன் வேலை செய்தவர்களிடம் இப்போதே பேசுங்கள். அவர்களும் அதே ஒப்பந்ததாரரிடம்தான் நாளைக்குக் கூலிக்குப் போக வேண்டும் என்பதால், நாள் ஆக ஆக அவர்களுக்கு நினைவு குறைந்துகொண்டே போகும்.

நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் வாசலில் நின்று வாதாட வேண்டாம். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். அதிலும் அசைவு இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். நீங்கள் பட்டியல் சாதியினர் என்பதால், வேலை வாங்கியவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் பதியுமாறு புகாரிலேயே கேளுங்கள். பதிந்தால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எதிரி பிணை கேட்கும்போது உங்கள் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். காவல் துறை இந்தச் சட்டத்தைச் சேர்க்கத் தயங்கும், பல காரணங்கள் சொல்லும். கேட்டதற்கான சான்று உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்போது அந்த 100-க்கு 20 ஆசாமிக்கு வருகிறேன். 30 லட்சத்தில் 20 விழுக்காடு என்றால் 6 லட்சம். ஒரு மனு எழுதிக் கொடுப்பதற்கு 6 லட்சம்! இவர்கள் பிணவறை வாசலிலேயே வந்து நிற்பார்கள். மருத்துவமனையில் யார் மூலமோ தகவல் போயிருக்கும். 'ஆட்சியர் அலுவலகத்தில் நம் ஆள் இருக்கிறார்' என்பார்கள். முதலில் பணம் எதுவும் கேட்க மாட்டார்கள், அதனால் நல்லவர்களாகத் தெரிவார்கள். பிறகு அசல் ஆவணங்களை வாங்கிக்கொள்வார்கள். பிறகு நிரப்பாத வக்காலத்துப் படிவத்திலும் (நமக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாள்) வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்குவார்கள். பணம் வரும் நேரத்தில் வங்கிக் கணக்குப் புத்தகம், ஏடிஎம் அட்டை, கையெழுத்திட்ட காசோலை ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் குடும்பத்தால் பின்வாங்க முடியாது, ஏனென்றால் அசல் எல்லாம் அவர்கள் பிடியில் இருக்கும். வழக்கறிஞரே இப்படிக் கேட்டாலும் அது தவறு. வழக்கின் பலனில் பங்கு பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. எங்கள் தொழிலில் இந்த விதியை மதிக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. யாருக்கும் அசல் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். வக்காலத்தில் வழக்கறிஞர் பெயர், நீதிமன்றத்தின் பெயர், தேதி ஆகியவை நிரப்பப்பட்ட பிறகே அண்ணி கையெழுத்திட வேண்டும். அண்ணியின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள், அதன் காசோலைப் புத்தகம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஒதுக்கப்படும் வழக்கறிஞர் ஆர்வமில்லாதவராக அமைந்தால் வேறொருவரை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

அம்மா வைத்த கைநாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்ட குடும்பங்கள், எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அத்தோடு ஒதுங்கிவிடுகின்றன. போய்விடவில்லை. முதலாவதாக, அம்மா தன் சார்பில் மட்டுமே எதையும் எழுதிக்கொடுக்க முடியும். அண்ணியின் உரிமையையோ பேரக் குழந்தைகளின் பங்கையோ அவர் விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டாவதாக, அம்மாவும் ஒரு வாரிசுதான் என்பதால் அவருடைய பெயரும் மனுவில் வர வேண்டும். கைநாட்டு வைத்த கோபத்தில் அவரை ஒதுக்கினால் ஒப்பந்ததாரர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் விழும் விரிசல்தான் இந்த வழக்குகளில் எதிரிக்குக் கிடைக்கும் முதல் லாபம். மூன்றாவதாக, அரசு தர வேண்டிய இழப்பீட்டை ஒப்பந்ததாரரோடு செய்த எந்த ஏற்பாடும் தடுக்காது. நான்காவதாக, மரணம் விளைவித்த குற்றத்தை இரு தரப்பும் கூடிப் பேசித் தாங்களாகவே முடித்துக்கொள்ள நடைமுறைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. சமரசம் ஆகிவிட்டது என்று காட்டி, வழக்கையே ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தை அணுகுவார்கள். இது போன்ற வழக்குகளில் நீதிமன்றம் எளிதில் சம்மதிக்காது என்றாலும், அம்மாவின் கைநாட்டுள்ள பிரமாணப் பத்திரம் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தால் தலைவலிதான். ஆகவே இந்த வாரமே அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள், தாளில் எழுத்து இருந்ததா, படித்துக் காட்டினார்களா, பணம் கைமாறியதா என்பதை உள்ளபடி எழுதி, கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பொய் ஒன்றும் சேர்க்க வேண்டாம். மனம் ஒப்பி வைத்திருந்தால், விவரம் தெரியாமல் வைத்தேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, பதிவு எண்ணுள்ள ரசீது வாங்குங்கள். இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாதிச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் இணைய வேண்டும். வாரிசுச் சான்றிதழ்தான் இழுத்தடிக்கும் என்பதால் அதற்கு இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும்வரை மனுவைத் தள்ளிவைக்காமல், 'விண்ணப்பித்துள்ளேன்' என்று எழுதி, விண்ணப்ப ரசீதை இணைத்தால் போதும். மனுவின் நகலை தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். நியாயமான காலத்துக்குள் பதில் இல்லையென்றால், சென்னையிலோ மதுரையிலோ உள்ள உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போட்டு, பணத்தை வழங்க உத்தரவிடும்படி கேட்கலாம். அங்கும் சட்ட உதவிக் குழு உண்டு.

ஒப்பந்ததாரர் கொடுத்த 50,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அடுத்து அந்தப் பயம்தான் வரும். தர வேண்டியதில்லை. அதை வாங்கியதால் உங்கள் உரிமை எதுவும் குறையவும் இல்லை. புகாரில், 'அடக்கச் செலவுக்கு என்று சொல்லி இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தார்' என்று நீங்களே எழுதிவிடுங்கள். நீங்கள் மறைத்து, அவர் சொன்னால் அது சமரசத்துக்கான முன்பணமாகத் தெரியும். நீங்களே சொன்னால், அண்ணன் தன்னிடம் வேலை செய்யவே இல்லை என்று அவர் பின்னால் சாதிப்பது கடினமாகிவிடும்.