மூளை அளவும் மறதி நோயும்: ஆண், பெண் வேறுபாடு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆண்களின் மூளை பெரிது என்கிறார்களே, பெண் மூளையில் ஏதாவது குறைகிறதா?

பதில்: எதுவும் குறையவில்லை. ஆண் மூளை சராசரியாகச் சுமார் 10 சதவீதம் பெரியது. தலையும் உடலும் பெரியவை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். யு.கே. பயோபேங்க் என்ற பிரிட்டன் மருத்துவத் தரவுத் தொகுப்பில் 5,216 பேரின் ஸ்கேன்களை வைத்து 2018இல் வந்த ஆய்வில், ஆண்களுக்கு மூளையின் பருமனும் (கன அளவு) புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) பரப்பும் அதிகம். பெண்களுக்குப் புறணி சற்றுத் தடிமன். ஆனாலும் இரு பாலாரின் அளவுகளும் பெரிதும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன.

கேள்வி: நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பருமனை மண்டையோட்டுக் கொள்ளளவால் வகுத்தேன். பெண்களுக்குத்தான் பெரிதாக வருகிறது. இது நிஜமா?

பதில்: வகுத்ததுதான் சிக்கல். தலை பெரிதாகும் அதே விகிதத்தில் ஹிப்போகாம்பஸ் பெரிதாவதில்லை. எனவே வகுத்தால் சிறிய தலைக்காரருக்கு எப்போதும் சாதகம்.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். பெண்: கொள்ளளவு 1,350 மி.லி., இரு பக்க ஹிப்போகாம்பஸும் சேர்ந்து 7.0 மி.லி. ஆண்: 1,550, 7.6. வகுத்தால் பெண்ணுக்கு 0.52%, ஆணுக்கு 0.49%. இப்போது சராசரிக் கொள்ளளவு 1,450, சரிவு (கொள்ளளவு 1 மி.லி. கூடினால் ஹிப்போகாம்பஸ் எத்தனை மி.லி. கூடும் என்பது) 0.003 என்று வைத்துத் திருத்துங்கள்: அளந்த பருமனிலிருந்து, சரிவு × (அவர் கொள்ளளவு − சராசரி) என்பதைக் கழிக்க வேண்டும். இருவருக்கும் 7.3! வேறுபாடே இல்லை.

அந்தச் சரிவை ஆரோக்கியமானவர்களிடமிருந்து மட்டும் எடுங்கள். நோயாளிகளையும் சேர்த்தால் நோயால் வந்த சுருக்கம் சரிவுக்குள் புகுந்துவிடும். ஸ்கேனின்போது தலை அசைந்த படங்களையும் நீக்குங்கள். அசைவு புறணியை மெல்லியதாகக் காட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. வார்த்தைப் பட்டியல் நினைவுச் சோதனையில் நார்மல் என்றார்கள். ஆனால் கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார், ஒரே பில்லை இரண்டு முறை கட்டுகிறார். எம்.ஆர்.ஐ.யில் இரு பக்கமும் எம்.டி.ஏ. 2 என்று இருக்கிறது.

பதில்: அந்த நார்மலை நம்பி விட்டுவிடாதீர்கள். எம்.டி.ஏ. என்பது ஹிப்போகாம்பஸ் பகுதியின் சுருக்கத்துக்குக் கண்ணால் பார்த்துத் தரும் 0 முதல் 4 வரையிலான மதிப்பு. 75 வயதுக்குக் கீழ் 2 என்றாலே பொதுவாக இயல்புக்கு மீறியதாகக் கொள்வார்கள்.

சொற்களை நினைவில் வைப்பதில் பெண்கள் இயல்பாகவே முன்னே நிற்பார்கள். ஹிப்போகாம்பஸ் ஓரளவு சுருங்கிய பிறகும் அந்தக் கைமுதல் மதிப்பெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். அது தீர்ந்ததும் நினைவாற்றல் குறைவது வேகமாகத் தெரியும். ஆண், பெண் இருவருக்கும் ஒரே வரம்பு வைத்தால் பெண்களிடம் ஆரம்பக் கட்டம் தப்பிவிடுகிறது.

நரம்பியல் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மதிப்பெண்ணை வயது, படிப்பு, பால் மூன்றும் சேர்ந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்களா? பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? ஓராண்டில் அதே மெஷினில் மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா? வேறு மெஷின் என்றால் அளவு வேறுபாட்டை நோய் என்று தவறாக நினைக்க நேரும். அடுப்பு, பில் விவரங்களைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மறதி நோய்களில் மிகப் பரவலான அல்சைமர் பெண்களுக்கு ஏன் அதிகம்?

பதில்: அமெரிக்காவில் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். நீண்ட ஆயுள் பெரிய காரணம், ஆனால் முழுக் காரணம் அல்ல. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் 65 முதல் 75 வயதுக்குள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆபத்து கூடுதல். இந்த நோயில் மூளையில் அமிலாய்டு, டௌ என்ற இரு புரதங்கள் படிகின்றன. அமிலாய்டு ஒரே அளவில் இருந்தாலும் பெண்களிடம் டௌ அதிகம் சேர்வதை, இவற்றைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் வயதான பின் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மறதி வராதா?

பதில்: அதற்காகத் தொடங்கவே கூடாது. 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கொடுத்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2003இல் வந்தது: மறதி நோய் ஆபத்து சுமார் இரண்டு மடங்கானது. மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென உடல் சூடாகும் தொல்லைக்காக எடுப்பது வேறு விஷயம். அதை மகளிர் நல மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயிலும் இப்படித்தானா?

பதில்: அங்கே தலைகீழ். ஆண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். ஆனால் அந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவால் வரும் கட்டுப்பாடற்ற அசைவுகள் பெண்களிடம் கூடுதல். உடல் எடை குறைவாக இருப்பது ஒரு காரணம். எடை குறைந்த பெண்ணுக்கு டோஸைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும்.