பிள்ளைகளோடும் பாட்டியோடும் வெப்பமண்டலக் கடற்கரைக்கு ஒரு வாரம் போவது எப்படி?

கேள்வி: எங்களுக்கு நாலு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். எழுபதைத் தாண்டிய மாமியாரும் உடன் வருகிறார். முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உண்டு. ஜூலை அல்லது ஆகஸ்டில் வெயிலும் கடலும் உள்ள ஏதாவது ஒரு தீவில் ஒரு வாரம் இருக்க ஆசை. எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி எப்படித் திட்டமிடுவது? மாமியாரைக் கேட்டால் "எங்கே என்றாலும் சரி" என்கிறார்.

பதில்:

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாவும் அதையேதான் சொன்னார். "எனக்கு எங்கேன்னாலும் சரிதான்பா, பிள்ளைங்களுக்குப் பிடிச்சாப் போதும்" என்றார். நாங்களும் அதைப் பதில் என்று நம்பிவிட்டோம்.

ஏறக்குறைய உங்கள் வீட்டு வயதுக் கணக்கில்தான் நாங்களும் அப்போது இருந்தோம். தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கிற மரக் குடிலின் படத்தைப் பார்த்து மயங்கி, ஒரு பவளத் தீவில் அறை எடுத்தோம். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் ஐம்பது நிமிடம். பிள்ளைகள் அடம்பிடித்ததால் முன்பக்கம் உட்கார்ந்தோம். படகு ஒவ்வொரு அலையிலும் எழும்பி, தொப்பென்று விழும். பின்பக்கம் உட்கார்ந்தால் அந்தக் குலுக்கல் பாதிதான் தெரியும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தீவின் படகுத்துறையில் படியே இல்லை. ஆடுகிற படகின் விளிம்பிலிருந்து எட்டுவைத்து மேலே ஏற வேண்டும். இரண்டு பையன்கள் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் ஊர் திரும்பும் நாள் வரை வேறு எந்தப் படகிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

குடிலின் வெளித்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, நேரே கடல்தான். சின்னவள் கதவைத் திறந்து ஓடிவிடாமல் யாராவது ஒருவர் எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். விடுமுறை என்று கூட்டிப்போய் அம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டோம். நாலாம் நாள் இரவு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "இங்கே நடக்கிறதுக்கு ரோடு ஏதும் இல்லையாப்பா?" தினமும் காலையில் அரை மணி நேரம் நடப்பவர். மணலில் கால் புதைந்து முழங்கால் வலிப்பதால் மூன்று நாளாக நடக்கவே இல்லையாம். எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

அதனால் மாமியாரிடம் "எங்கே போகலாம்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் தலைமுறைக்கு ஒரே பதில்தான். வேறு மாதிரி கேளுங்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்யப் பிடிக்கும்? கடலில் கால் நனைக்க ஆசையா, உட்கார்ந்து பார்த்தால் போதுமா? எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்கும்? இரவில் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை அவருடைய பெண்ணோ பிள்ளையோ தனியாகக் கேட்டால் நல்லது. இரண்டாவது பயணத்துக்கு முன்னால் நாங்கள் இப்படித்தான் கேட்டோம். கேட்டதில் தெரிந்தது, அம்மாவுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: சமமான நடைபாதை, நிழலில் ஒரு பெஞ்சு, கடலில் சூரியன் உதிப்பதைப் பார்ப்பது. தீவைத் தேடும் வேலை அதன் பிறகுதான் சுலபமானது.

சரி, மாதத்துக்கு வருவோம். வெப்பமண்டலம் என்றால் வருடம் முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளி விடுமுறைதான் உங்கள் தேதியை முடிவு செய்கிறது என்றால், அந்தத் தேதிக்கு ஏற்ற இடத்தைத்தான் தேட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பாலியில் மழை குறைந்த பருவம், ஃபிஜியிலும் அப்படித்தான். மொரிஷியஸில் அது குளிர்காலம். மழை குறைவு, ஆனால் காற்று பலமாக இருக்கும், கடலும் சற்றுக் குளிரும். போனால் வடக்கு அல்லது மேற்குக் கரை தேவலாம். மாலத்தீவுகளில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். தாய்லாந்தில் ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு கதை உண்டு. புக்கெட் இருக்கும் மேற்குக் கரையில் அந்த மாதங்களில் அலை முரட்டுத்தனமாக இருக்கும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும். கிழக்கே கோ சமூயில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான். கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை உச்சம். அருபா, குராசோ போன்ற தென்கோடித் தீவுகள் அந்தப் பாதைக்குப் பெரும்பாலும் வெளியே இருக்கின்றன.

அடுத்தது அலை. அழகான கடற்கரை எல்லாம் குளிக்கிற கடற்கரை இல்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை வரிசை இருந்தால் அது அலையைத் தடுத்துவிடும். உள்ளே இருக்கும் நீர் குளம் மாதிரி கிடக்கும். மொரிஷியஸைச் சுற்றிப் பெரும்பாலும் இப்படித்தான். நாங்கள் இரண்டாம் முறை போனது பாலியில் சனூர். அங்கேயும் பாறைக்கு உட்பட்ட அமைதியான கடல். கூடவே கரையை ஒட்டிக் கிலோமீட்டர் கணக்கில் தளம் போட்ட நடைபாதை. கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியோதயமும் அங்கேயே. அலைச்சறுக்கு ஆடுபவர்கள் அங்கே போர் அடிக்கிறது என்பார்கள். நமக்கு அது நல்ல சான்றிதழ். ஒரு குறை உண்டு: கடல் உள்வாங்கும் நேரத்தில் வெகுதூரம் போய்விடும், வெறும் சேறும் பாசியும்தான் மிஞ்சும். அன்றன்றைய ஏற்ற இறக்க நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளலாம். ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு எல்லோருக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பவளத் துண்டும் கடல் முள்ளெலியும் காலைப் பதம் பார்த்துவிடும்.

நாலு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் கடிகாரம் ஒன்றுதான். இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. இருவரும் விடியுமுன் எழுந்துவிடுவார்கள், பதினொரு மணிக்குச் சோர்ந்துவிடுவார்கள், பகல் தூக்கம் வேண்டும், எட்டு மணிக்குக் கண் சொக்கும். வெப்பமண்டலத்தின் பகலும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு, ஆறரைக்கு விடிந்து அதே மாதிரி ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும். அந்தியும் நீளாது, சட்டென்று இருள் கவியும். வெயில் தோலை எவ்வளவு சுடும் என்று சொல்லும் எண்தான் புற ஊதாக் குறியீடு. உச்சி வேளையில் அது 11ஐ, அதாவது மிகக் கடுமையான அளவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஆக, விடிந்ததிலிருந்து பத்து மணி வரை வெளியே, நாலு மணியிலிருந்து இருட்டும் வரை மறுபடி வெளியே, நடுவில் அறையிலோ நிழலிலோ. இதைப் பாட்டிக்காகச் செய்கிற தியாகமாக நினைக்க வேண்டாம், வெயில் போட்டுக்கொடுத்த அட்டவணைதான்.

இந்த அட்டவணையில் பொருந்தாதவர்கள் யார் என்றால், நீங்கள் இருவரும் அந்தப் பத்து வயதுப் பிள்ளையும்தான். அந்த வயதுக்குச் சும்மா உட்காருவது தண்டனை. நாங்கள் செய்தது: வாரத்தில் இரண்டு நாள் பெரியவனை மட்டும் எங்களில் ஒருவர் தனியாகக் கூட்டிப்போவது. ஒரு நாள் ஸ்நார்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), ஒரு நாள் எரிமலைப் பக்கம். எல்லாரும் சேர்ந்தே எல்லாம் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் பாதிச் சண்டை ஓய்ந்தது. நடுவே ஒரு எச்சரிக்கை. "பாட்டியும் வரட்டுமே, ஆழமில்லாத தண்ணீர்தானே" என்று ஸ்நார்கெலிங்குக்கு இழுக்காதீர்கள். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் மூழ்கி இறப்பதற்கு ஸ்நார்கெலிங் ஒரு முக்கியக் காரணம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பாட்டியிடம் பிள்ளைகளை விடுவதைப் பற்றி: முன்கூட்டியே பேசிவிடுங்கள். "புதன் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் அது உதவி. கேட்காமலே ஒவ்வொரு சாயங்காலமும் நடந்தால் அதற்கு வேறு பெயர்.

அறைக்கு வருவோம். விளம்பரப் படத்தில் தெரியாததைத்தான் விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டும். தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, அறையிலிருந்து உணவுக்கூடத்துக்கு எத்தனை நிமிட நடை, வழியில் எத்தனை படி, குளியலறையில் தொட்டிக்குள் ஏறி இறங்க வேண்டுமா அல்லது தரையோடு தரையாக ஷவரா, கைப்பிடி உண்டா. குளியலறையின் போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்குகிற விடுதியை நான் கழித்துவிடுவேன். நடுவில் கதவு உள்ள இரண்டு அடுத்தடுத்த அறைகள் கிடைத்தால் விட வேண்டாம். இரவில் வழி தெரிய பிளக்கில் செருகும் சின்ன விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். தெரியாத இடத்தில் இருட்டில் தடுக்கி விழுவதுதான் அந்த வயதில் பெரிய ஆபத்து. நீச்சல் குளம் இருந்தால் சுற்றி வேலி உண்டா என்றும் கேளுங்கள், அது சின்னவருக்காக.

விமானத்துக்கு வீல்சேர் உதவி பதிவு செய்துவிடுங்கள். புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்தில் சொல்ல வேண்டும். "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்று மாமியார் கோபித்துக்கொள்வார். குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதற்கு மாற்று இது என்று சொல்லிப் பாருங்கள். படி ஏற முடியும், நீண்ட தூரம்தான் கஷ்டம் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று குறிப்பார்கள். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.எஸ். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் விமானத்தின் படிக்கட்டடியில் போய் நிற்க நேரும். நாலு மணி நேரத்துக்கு மேல் பறப்பதென்றால் காலில் இரத்தம் உறையாமலிருக்க அடிக்கடி எழுந்து நடக்கவும் கணுக்காலை ஆட்டவும் வேண்டும். அழுத்தக் காலுறை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாலத்தீவு மாதிரி இடங்களில் கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் இரவு நடுவழியில்தான். போய்ச் சேர்ந்த முதல் நாளில் எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

மருத்துவரைக் கிளம்புவதற்கு ஆறு வாரமாவது முன்னால் பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் என்றால் வெப்பத்தில் நீரிழப்பு சீக்கிரம் வரும். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் சின்னவளிடம் பொறுப்பைக் கொடுத்தோம்: "பாட்டி தண்ணி குடிச்சாச்சா?" மணிக்கொரு தரம் கேட்பாள். மகன் சொன்னால் கேட்காதவர் பேத்திக்குப் பயந்து குடித்தார். மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு. இன்சுலின் இருந்தால் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்துவிடலாம். பயன்பாட்டில் உள்ளதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் சுமார் நாலு வாரம் வைக்கலாம். வெப்பமண்டலப் பகலில் அறைக்கு வெளியே அந்த 30ஐக் காப்பது சுலபமில்லை, குளிர்ப்பை வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, அதிலும் விடிந்த பிறகும் அந்திக்கு முன்னும் அதிகம். நீங்கள் வெளியே இருக்கும் அதே நேரம். ஆகவே முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் மேலே கொசு விரட்டி. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். பிள்ளைகளைத் துரத்திப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். ஹவாய் போவதாக இருந்தால், ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை 2021 முதல் அங்கே தடை செய்திருக்கிறார்கள்.

பயணக் காப்பீட்டில் இரண்டு வரிகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஒன்று வயது வரம்பு, இன்னொன்று ஏற்கெனவே உள்ள நோய்கள். இரத்த அழுத்தத்தை மறைத்து எடுத்த பாலிசி வெறும் காகிதம். சிறு தீவென்றால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன, பிள்ளைகளுடையது பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும்.

உங்கள் தேதிக்கும் மாமியாரின் முழங்காலுக்கும் என் ஓட்டு சனூருக்கு. வேறு தீவு மனதில் இருந்தால், முன்பணம் கட்டுமுன் அதன் படகுத்துறைப் படத்தைக் கேட்டு வாங்கி மாமியாரிடம் காட்டுங்கள். "இதில் ஏறுவீர்களா?" என்று கேட்டால் "எங்கே என்றாலும் சரி" என்று அவரால் சொல்ல முடியாது.