சண்டையா, கொடுமையா? பள்ளிச் சீண்டல் பற்றிய கேள்விகள்

பையன்கள் சும்மா அடித்துக்கொண்டாலும் கொடுமை என்கிறார்களே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? (ஆசிரியர்)

நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களிலேயே இதை ஆராய்ந்தவர். மூன்றைப் பார்க்கச் சொன்னார்: வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு ஒரு பக்கம் பலம் கூடுதலா. சமபலம் உள்ள இருவர் மோதினால் சண்டை, சமாதானம் பேசலாம். கொடுமை என்றால் தயவுசெய்து இருவரையும் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லாதீர்கள். அடிபட்ட பிள்ளைக்குத் தானும் தப்பு செய்ததுபோல ஆகிவிடும்.

மகளை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் பள்ளி என்றாலே வயிற்றுவலி என்கிறாள். (அம்மா)

வலியை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே, அவளை ஒதுக்கிவைக்கிறார்களா என்றும் பாருங்கள். அடித்தால் காயம் தெரியும், பட்டப்பெயர் வைத்தால் யார் காதிலாவது விழும். இது யார் கண்ணிலும் படாது. அவள் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். குழுவாகப் பிரியச் சொன்னால் அவள் மட்டும் மிஞ்சுவாள். விசாரித்தால், "நாங்க ஒண்ணுமே பண்ணலையே மிஸ்" என்பார்கள். என்னைக் கேட்டால், கொடுமையின் எல்லா வகைகளிலும் பெரியவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுவது இதைத்தான். "என்ன நடந்தது?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் மகன் படத்தைக் கோரமாக மாற்றிப் போட்டுச் சிரிக்கிறார்கள். போனைப் பிடுங்கிவிடவா? (அப்பா)

வேண்டாம். போன் போய்விடுமே என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. முதலில் தேதி, பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் பிளாக் செய்து, பள்ளிக்கும் தெரிவியுங்கள்.

நான் யாரையும் கேலி செய்வதில்லை, நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். இதுவும் தப்பா? (மாணவன்)

இதைக் கேட்கத் தோன்றியதே நல்லது, தம்பி. சுற்றி ஆள் இருப்பதால்தான் சீண்டுகிறவனுக்கு உற்சாகம். கனடாவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள்: சக மாணவர் தலையிட்டபோது 57 சதவீதம் தடவை 10 நொடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. நீ சண்டைக்குப் போக வேண்டாம். "வாடா, போகலாம்" என்று சீண்டப்படுகிறவனைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடு. அடிதடி என்றால் மட்டும் நடுவில் போகாதே, ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடு.