சாரைக்குட்டியைப் பழக்கி நெல் அறைக்குள் விடலாமா?

கேள்வி: மீசாலையில் நெல்லும் கொஞ்சம் வெங்காயமும் செய்கிறேன். கிணற்றடிக் கற்குவியலைப் பிரித்தபோது ஒன்றரை அடி நீளத்தில் சாரைக்குட்டி ஒன்று அகப்பட்டது. மகன் வாளிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறான். கனடாவில் இருக்கும் அவனுடைய மச்சான் அண்மையில் சோளப்பாம்புக் குட்டி ஒன்று வாங்கினாராம். ஒரு கிழமை தொடாமல் விட்டால் கையில் பழகும் என்கிறார். இதையும் அப்படிப் பழக்கி நெல் அறைக்குள் விட்டால் எலி குறையுமா? பால் வைத்தோம், குடிக்கவில்லை.

பதில்: பாலை எடுத்துவிட்டுத் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். நாகதம்பிரானுக்குப் பால் வைப்பது வழிபாடு. பாம்புக்கு அது உணவல்ல.

மச்சான் சொன்னது அவருடைய பாம்புக்குச் சரி. சோளப்பாம்பு வட அமெரிக்காவுக்குரியது. கடைக்கு வருபவை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பொரித்தவை. புதுக்குட்டிக்கு ஒளிய ஒரு மறைவு, பெட்டியின் ஒரு பக்கத்தில் இளஞ்சூடு, தண்ணீர், இவ்வளவும் கொடுத்து ஐந்தாறு நாள் தொடாமல் விடுவார்கள். இரை எடுத்தபின் இன்னும் இரண்டு நாள் பொறுப்பார்கள்; உடனே தூக்கினால் கக்கிவிடும். தூக்கும்போதும் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் வயிற்றின்கீழ் தாங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான்.

உங்கள் வாளிக்குள் இருப்பது காட்டுக்குட்டி. சாரை பகலில் ஓடித் திரிந்து இரை தேடும் பாம்பு. அடைத்து வைத்தால் வெளியேற வழி தேடி மூக்கை மூடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும், இரையையும் தொடாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் காட்டுயிரை அடைத்து வளர்ப்பது சட்டச் சிக்கலும்கூட.

அதைவிடப் பெரிய கேள்வி, அது சாரைதானா? சாரைக்குப் பெரிய கண், வட்டமான கண்மணி, உதட்டுச் செதில்களுக்கிடையே கறுப்புக் கீறல்கள் இருக்கும். ஆனால் குட்டியில் இதைப் பார்த்துத் தீர்மானிக்கப் பழகிய கண் வேண்டும். நாகக்குட்டி பொரித்த நாளிலேயே நஞ்சோடுதான் வரும், எல்லா நேரமும் படம் எடுத்துக் காட்டாது. ஆகவே மகன் கை வைக்கக் கூடாது. எட்ட நின்று புகைப்படம் எடுத்துத் திணைக்களத்தாரிடம் காட்டுங்கள். யாரையாவது கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

திணைக்களத்தார் வரும்வரை வாளியை நிழலில் வையுங்கள். தகரக் கூரையின்கீழ் வேண்டாம். மூடியில் காற்றுத் துளையும், உள்ளே ஒளிய இரண்டு கைபிடி வைக்கோலும் போதும். இரை வேண்டாம். சாரை என்று உறுதியானால் வாளியைக் கற்குவியலுக்குப் பக்கத்தில் சரித்துவிட்டு விலகுங்கள், தானாகப் போகும்.

நெல் அறை எலிக்கு இந்தக் குட்டி உதவாது. இந்த வயதில் அதற்குத் தவளையும் பல்லியும்தான் இரை. வளர்ந்த எலியை விழுங்கும் அளவுக்கு வரக் காலம் வேண்டும், அதற்குள் உங்கள் மூட்டை பாதியாகும். மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். கதவின் அடியைத் தகடடித்து மூடிப் பொறி வையுங்கள்.

குட்டி வளவில் தங்க வேண்டுமென்றால் அந்தக் கற்குவியலை வேலியோரம் திரும்ப அடுக்கிவிடுங்கள், பிள்ளைகள் விளையாடும் பக்கமாக இல்லாமல். எலி நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்னும் சாரையும் சாகலாம். தோட்டத்தைச் சுற்றி நிலத்தோடு நைலோன் வலை கட்டியிருந்தால் அதுவும் ஆபத்து. தலை நுழைந்த பாம்பு பின்வாங்குவதில்லை. முன்னே முன்னே தள்ளி, நூல் செதிலுக்குள் இறங்கி அறுக்கும். வலையின் அடியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள்.

கோழிக்குஞ்சு இருந்தால் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணிக் கம்பிவலை அடியுங்கள். சாரைக்குக் குஞ்சும் இரைதான்.